யாருது இந்தத் தையல்?

ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து, "இது யாருது?" என்று ஒருவர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? உங்களுடையது என்றால் என்னுது என்பீர்கள், இல்லையென்றால் இல்லை என்பீர்கள், அவ்வளவுதானே. இதே கேள்வியை ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில், தையல் லைனில் உட்காரும் ஒரு பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். பொருள் என்னவென்று கண்ணில் படுவதற்கு முன்னாலேயே, "என்னுது இல்ல சார்" என்று பதில் வந்து நிற்கும்.

அவர்கள் பொய்க்காரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை அப்படி. ஷூவின் மேல்பாகத்துக்கு அங்கே அப்பர் என்று பெயர். ஒரு அப்பர் முழுசாவதற்குள் பத்திருபது கை மாறிவிடும். ஒருத்தி பசை தடவி ஓரத்தை மடிப்பாள். ஒருத்தி பக்கவாட்டைத் தைப்பாள். ஒருத்தி லேஸ் ஓட்டை போடுவாள். கடைசியில் செக்கிங் மேஜைக்குப் போகும். அங்கே குறை இருந்தால் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். சூப்பர்வைசர் அந்த அப்பரைக் கையில் தூக்கிக்கொண்டு லைன் நெடுக நடந்து வருவார். "யாருது இது? ஏம்மா, யாருது?" நல்ல அப்பரைத் தூக்கிக்கொண்டு யாரும் லைனில் நடந்ததில்லை. நல்லது அட்டைப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து கப்பலுக்குப் போய்விடும்.

அமிர்தவள்ளி அந்த லைனில் குதிகால் ஜாயின்ட் தைப்பவள். இரண்டு தோல் துண்டுகள் பின்னால் வந்து சேருமிடத்தில், மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு. கல்யாணமாகி நாட்றம்பள்ளிப் பக்கம் வந்த புதிதில் கம்பெனி பஸ்ஸில் ஏறியவள். இன்றைக்கு மகள் பத்தாவது படிக்கிறாள், இவள் இன்னமும் அந்த ஒரு கோட்டைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை சுத்தம் என்று லைனில் பேர் உண்டு. ஆனால் ஒரு முழு அப்பரை முதலிலிருந்து கடைசி வரை அவள் தைத்ததே இல்லை.

போன ரம்ஜான் சமயத்தில், ஹைவே ஓரம் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய ஷூக்களை விற்கிற கடைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். தட்டில் ஒரு பழுப்பு ஷூ இருந்தது. அவள் லைனில் ஓடிய மாடல். குதிகாலைப் பார்க்கலாம் என்று எடுத்துத் திருப்பினாள்.

"இது நீ தச்சதாமா?" என்று மகள் கேட்டாள்.

"என்னுது இல்ல" என்று சொல்லி, சூடு பட்ட மாதிரி ஷூவைத் தட்டில் வைத்துவிட்டாள் அமிர்தவள்ளி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மகள் அதற்குள் வேறு தட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இத்தனை வருஷத்தில் நான் தைத்தது என்று கை நீட்டிக் காட்ட ஒன்றுகூட இல்லையே என்று நினைத்தபடி வந்தாள். அந்த நினைப்பு பிறகு போகவே இல்லை.

அதனால்தான் சாம்பிள் ரூமில் இருந்த கமலம், மகன் கூப்பிட்டான் என்று வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போனபோது, அமிர்தவள்ளிக்கு அந்த நாற்காலி மேல் கண் போனது. சாம்பிள் ரூமில் டார்கெட் கிடையாது. ஜன்னல் ஓரம் ஒரு மெஷின். புது மாடல் வரும்போது ஒரே ஆள் உட்கார்ந்து, முழு ஜோடியையும் தானே தைத்து முடிக்க வேண்டும். அந்த ஜோடிதான் வெளிநாட்டுக்குப் போய், ஆர்டரோடு திரும்பி வரும்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. வாங்குகிற கம்பெனியிலிருந்து அவ்வப்போது ஒரு போர்ச்சுகல்காரர் வருவார். டெக்னீஷியன். சாம்பிள் ரூமில் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இங்கிலீஷில் இதைச் செய், அதைச் செய் என்பார். அதனால் ப்ரொடக்‌ஷன் மேனேஜர் ராமமூர்த்தி ஒரு ஏற்பாடு செய்தார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கேன்டீனில் அரை மணி நேரம் இங்கிலீஷ் வகுப்பு. இஷ்டப்பட்டவர்கள் வரலாம். டெக்னீஷியன் வரும்போது கை சுத்தமான இரண்டு பேரை அவர் எதிரில் உட்கார வைப்போம், அவரே ஒருத்தரை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

சொல்லிக்கொடுக்க வந்தது ஹுமேரா. வாணியம்பாடியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண். அவளை விட வயதில் மூத்த பெண்கள் எதிரில் உட்கார்ந்து, கையில் மஞ்சள் பசை காய்ந்திருக்க, "மிஸ்" என்று கூப்பிட்டதில் அவளுக்குக் கூச்சம். முதல் நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அட்ஜெக்டிவ்னா ஒண்ணும் இல்ல. ஒரு பொருள் எப்படி இருக்குதுன்னு சொல்ற வார்த்தை. உங்களுக்கு நெறைய தெரியும். ஒரு ஷூ எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

பட்டாசுக் கட்டில் நெருப்பு வைத்த மாதிரி வந்தது பதில். லூஸ். அன்ஈவன். டர்ட்டி. ஓப்பன். க்ராஸ். டேமேஜ். ப்ரோக்கன். ஹுமேரா போர்டில் எழுதிக்கொண்டே வந்தாள். போர்டு நிறைந்த பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"எல்லாமே குறையாவே இருக்குதே. நல்ல ஷூவுக்கு இன்னா சொல்வீங்க?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓகேன்னு சொல்வோம் மிஸ்" என்றாள் கௌசர்.

கௌசர் அமிர்தவள்ளிக்குப் பக்கத்து மேஜை. இவள் பசை தடவி மடித்துக் கொடுப்பதைத்தான் அமிர்தவள்ளி தைப்பாள். ஒரு நாள் முழுக்க முழங்கை இடிக்க உட்காரும் இரண்டு பேருக்கும் ஒளிவுமறைவு கிடையாது. கௌசருக்கு சாம்பிள் ரூம் ஆசை இல்லை. வகுப்புக்கு வருவது அரை மணி நேரம் ஃபேன் காற்றில் உட்காரத்தான் என்று வெளிப்படையாகவே சொல்லுவாள்.

அடுத்த வாரம் மை, யுவர், ஹிஸ், ஹர் என்று ஆரம்பித்தாள் ஹுமேரா. ஒருத்தருக்கு என்ன சொந்தம் என்று சொல்ல இந்த வார்த்தைகள் என்று விளக்கிவிட்டு, மேஜையில் இருந்த ஒரு டிபன் பாக்ஸைத் தூக்கிப் பிடித்தாள். மூடியில் ஆணியால் கீறி கௌசர் என்று பேர் எழுதியிருந்தது. அது தெரிந்துதான் தூக்கினாள். கௌசரை அவள் அக்கா என்கிற அர்த்தத்தில் ஆபா என்பாள்.

"கௌசர் ஆபா, ஹூஸ் பாக்ஸ் இஸ் திஸ்? யாருது இது?"

"நாட் மை பாக்ஸ் மிஸ்" என்றாள் கௌசர், யோசிக்காமல்.

கேன்டீன் கொல்லென்று சிரித்தது. கௌசரும் சிரித்தாள். ஹுமேராவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. "உங்க பேர் போட்டிருக்குதே" என்று மூடியைத் திருப்பிக் காட்டினாள்.

"லைன்ல கேக்குற மாதிரி கேட்டீங்கன்னா எங்களுக்கு அதுதான் மிஸ் வரும்" என்றாள் கௌசர். "அதுல சிவப்பு அம்பு கிம்பு ஒட்டலியே?"

பிறகு வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் ஹுமேரா. அதில் வேறு கூத்து. எங்க அம்மா, எங்க வீடு என்று சொல்லும் பழக்கத்தில் எல்லோரும் இங்கிலீஷிலும் அவர் மதர், அவர் ஹவுஸ், அவர் சன் என்றே சொன்னார்கள். கௌசர் எழுந்து, "அவர் ஹஸ்பண்ட் இஸ் எ டிரைவர்" என்றாள்.

"மை ஹஸ்பண்ட்னு சொல்லணும் ஆபா. அவர் உங்களுக்கு மட்டும்தானே."

"அதை அவரைத்தான் கேக்கணும்" என்று கௌசர் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வகுப்பு அதோடு முடிந்தது.

அமிர்தவள்ளி சிரித்தாள், ஆனால் விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து முணுமுணுப்பாள். மை ஹேண்ட். மை பேக். மை சீட். பக்கத்தில் கௌசர் ஆம்பூரிலேயே இறங்கிவிடுவதால் மிச்ச தூரம் தனியாகத்தான். நாட்றம்பள்ளி வருவதற்குள் பஸ்ஸில் இருக்கும் எல்லாப் பொருளையும் ஒரு தரம் தன்னுடையதாக்கிவிடுவாள். ஆனால் தைக்கும் எதையும் அப்படிச் சொல்லிப் பார்க்க நாக்கு எழவில்லை.

டெக்னீஷியன் வந்தார். ராமமூர்த்தி எடுத்த இரண்டு பேர், அமிர்தவள்ளியும் முத்துமாரியும். முத்துமாரி அடுத்த லைன். இருபத்தைந்து வயதிருக்கும், திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண், வேகமான கை. சாம்பிள் ரூம் மெஷினில் ஆளுக்கொரு அப்பர், ஒரே தோல், ஒரே நூல், ஒருத்தர் தைக்கும்போது இன்னொருத்தர் உள்ளே இருக்கக் கூடாது.

"பேர் எழுத வேணாம்" என்றார் ராமமூர்த்தி. "போன தடவை ஆள் பார்த்து எடுத்தேன்னு ஊரே பேசுச்சு. ரெண்டையும் ஒரே ட்ரேயில வைக்கிறேன். எது யாருதுன்னு எனக்கே தெரிய வேணாம்."

முத்துமாரி டீக்கு முன்னால் தைத்து முடித்துவிட்டாள். டீக்கு அப்புறம் அமிர்தவள்ளி உட்கார்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் கைமேல் விழுந்தது. லைனில் மாதிரி பக்கத்தில் அப்பர் குவியவில்லை, பின்னாலிருந்து யாரும் "சீக்கிரம்மா" என்று சொல்லவில்லை. முதலில் முன்பக்கத்தைத் தைத்தாள். பிறகு பக்கவாட்டு. வளைவு வந்த இடத்தில் தோலை இழுக்காமல், அது போகிற போக்கில் விட்டுக் கையை மட்டும் திருப்பினாள். தட்டையான துண்டுகள் மெல்ல மெல்ல ஒரு பாதத்தின் உருவத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவளுக்குப் பழக்கமான குதிகால் கோடு கடைசியில் வந்தபோது தெரிந்த ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

அதற்கு மேல் லேஸுக்கு அடியில் வருகிற நாக்கு ஒன்றுதான் பாக்கி. அதைத் தைக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பிடிக்கிற அந்த ஒரு கணத்தில் மெஷின் நின்று, ஒரு துள்ளு துள்ளி, மறுபடி ஓடியது. காலை எடுப்பதற்குள் ஒரு தையல் மட்டும் நீளமாக விழுந்துவிட்டது. அரிசிக்கு நடுவில் ஒரு நெல் மாதிரி. பிரிக்கலாம் என்றால், தோலில் விழுந்த ஊசி ஓட்டை துணியில் மாதிரி மூடிக்கொள்ளாது. அவசரத்தில் பிரித்தால் அப்பரே கெட்டுப் போகும். வாசலில் ராமமூர்த்தி வாட்சைப் பார்த்தார். நாக்கை உள்பக்கம் மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். மடித்த பிறகு வெளியில் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு அப்பரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். ஹுமேரா மொழிபெயர்க்க நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் அவர் ஒன்றை உயரத் தூக்கிப் பிடித்து, அதே முகத்தோடு, "ஹூஸ் இஸ் திஸ்?" என்றார்.

"நாட் மை ஸ்டிச் சார்" என்றாள் அமிர்தவள்ளி.

"நாட் மை ஸ்டிச் சார்" என்றாள் முத்துமாரியும், அதே மூச்சில்.

வகுப்பில் ஒரு தரம்கூட அமிர்தவள்ளி திக்காமல் சொல்லியிராத வார்த்தை, அன்றைக்குத் தண்ணீர் மாதிரி வந்தது.

டெக்னீஷியன் கையிலிருந்த அப்பரைப் பார்த்தார். ராமமூர்த்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, ரூமுக்குள்ள வந்ததே நீங்க ரெண்டு பேர்தான்" என்றார் ராமமூர்த்தி. "அப்ப இது ஆகாசத்துல இருந்தா விழுந்துச்சு?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். டெக்னீஷியன் ஏதோ சொன்னார். ஹுமேரா கேட்டுவிட்டு, புரியாமல் மறுபடி ஒரு தரம் கேட்டாள்.

"இந்தத் தையல் க்ளீனா இருக்குதாம். ஈவனா இருக்குதாம். அப்புறம், க்வயட்டுன்றாரு. அமைதியா இருக்குதாம்."

"தையல் எப்படி மிஸ் அமைதியா இருக்கும்?" என்றாள் முத்துமாரி.

"இன்னொண்ணு நெர்வஸாம். பயந்து பயந்து போயிருக்குதாம்."

"நல்லா இருக்குதுன்னு சொல்றாரும்மா" என்று ராமமூர்த்தி அலுத்துக்கொண்டார். "அவர் கையில இருக்குற இதை எடுத்துக்குறேன்றாரு. இப்பவாவது சொல்லித் தொலைங்க, யாருது?"

அமிர்தவள்ளி மனசுக்குள் கணக்குத் தீர்ந்துவிட்டது. குறை என்னுடையதில்தான் இருக்கிறது, நாக்குக்கு அடியில். இத்தனை நேரம் பார்த்தவர் அதைப் பார்க்காமலா இருப்பார். அப்போது நல்லது என்று அவர் சொல்வது என்னுடையதாக இருக்க முடியாது. இப்படி நினைத்து அவள் வாய் திறக்காமல் நின்றாள்.

வெளியே ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முத்துமாரி ஒரு தரம் அமிர்தவள்ளியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மை ஸ்டிச் சார்" என்றாள், மெதுவாக.

"அப்பாடா" என்றார் ராமமூர்த்தி. இன்னொரு அப்பரை எடுத்து அமிர்தவள்ளி கையில் வைத்தார். "பரவால்லம்மா. உன் கையும் நல்ல கைதான். இதை எடுத்துட்டுப் போ, ஞாபகமா வச்சுக்க."

கேன்டீனில் கௌசர் இடம் பிடித்து வைத்திருந்தாள். அமிர்தவள்ளி முகத்தைப் பார்த்ததுமே ஒன்றும் கேட்காமல், தன் டப்பாவிலிருந்து பாதி ஆம்லெட்டை எடுத்து இவள் மூடியில் வைத்தாள். அமிர்தவள்ளி அப்பரை மேஜைமேல் வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி நடந்ததைச் சொன்னாள்.

"கரண்ட்டு போனதுக்கு நீ இன்னா பண்ணுவே" என்றாள் கௌசர். "பேஜார் பண்ணிக்காத யக்கா. எங்க, காட்டு அந்தத் தையலை. அவ்ளோ பெரிசா விழுந்துடுச்சா இன்னா?"

அமிர்தவள்ளி இடது கையால் அப்பரைத் திருப்பி, நாக்கை வெளியே இழுத்தாள். பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஓரம் நெடுகத் தையல் ஒரே அளவாக, நெருக்கமாக ஓடியிருந்தது. நீளத் தையல் இல்லை.

"எங்கக்கா?"

"இல்ல."

"இல்லன்னா?"

"இதுல இல்ல கௌசர்." அப்பரைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள். வளைவில் கோடு லேசாக நடுங்கியிருந்தது, வேகமாகப் போய்ப் பிரேக் போட்ட வண்டி மாதிரி. அவள் கை அப்படிப் போகாது. "இது என்னுது இல்ல."

அந்த வார்த்தையை அவள் இத்தனை வருஷத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான் முதல் தரம்.

கௌசர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அப்ப அந்த ஆளு கையில இருக்குறது?"

அமிர்தவள்ளி நாக்கை மறுபடி உள்பக்கம் மடித்து வைத்தாள்.

"எழுந்திரு. போய் சொல்லு."

"இன்னான்னு சொல்றது? முத்துமாரி என்னுதுன்னு சொல்லிட்டா. நான் எல்லாரு எதிர்லயும் இல்லன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி எப்படிக் காட்டுறது?"

"அந்த நெட்டைத் தையல் இருக்குதே. அதைக் காட்டு."

"அதைக் காட்டினா நல்லதுன்னு சொன்னவரு வேணாம்னுடுவாரு. அவர் அதைப் பாக்கவே இல்ல. பாத்திருந்தா அமைதின்னு சொல்லுவாரா?"

கௌசர் யோசித்துக்கொண்டே மிச்ச ஆம்லெட்டைத் தின்று முடித்தாள். "காட்டலன்னா அது முத்துமாரியுது" என்றாள் கடைசியில். "காட்டினா உன்னுது. ஆனா குறையோட. எது வேணும்னு நீதான் சொல்லணும் யக்கா. எனக்கு அந்த ரூம்ல ஃபேன் இருக்குதான்னு கூடத் தெரியாது."

அமிர்தவள்ளி கையைக் கழுவினாள். துடைத்தாள். ஹைவே கடையில் தட்டில் வைத்துவிட்டு வந்த பழுப்பு ஷூ நினைவுக்கு வந்தது. முத்துமாரியின் அப்பரை எடுத்துக்கொண்டு, லைன் பக்கம் போகாமல் சாம்பிள் ரூம் பக்கம் நடந்தாள். லைனில் யாரோ, "இன்னாக்கா, ரிஜெக்ட்டா?" என்று கேட்டார்கள். அவள் நிற்கவில்லை.

டெக்னீஷியன் லேப்டாப்பில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். ராமமூர்த்தியும் ஹுமேராவும் அங்கேயே இருந்தார்கள். ஜன்னல் ஓர நாற்காலியில் முத்துமாரி உட்கார்ந்து, மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அமிர்தவள்ளியைப் பார்த்ததும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா?" என்றார் ராமமூர்த்தி.

அமிர்தவள்ளி அவருக்குப் பதில் சொல்லாமல் மேஜைக்குப் போனாள். அங்கிருந்த அப்பரை எடுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. நாக்கை இழுத்து, விரலை வைத்து, டெக்னீஷியன் எதிரில் நீட்டினாள்.

"சார். திஸ் லாங் ஸ்டிச். மை ஸ்டிச் சார்."

அவர் குனிந்து பார்த்தார். ராமமூர்த்தியும் எட்டிப் பார்த்தார். அமிர்தவள்ளி மூச்சை இழுத்துக்கொண்டு, அப்பரின் மற்ற பக்கங்களையெல்லாம் விரலால் தொட்டுக் காட்டினாள். முன்பக்கம், பக்கவாட்டு, குதிகால்.

"மை ஸ்டிச். மை ஸ்டிச். மை ஸ்டிச். ஆல் மை ஸ்டிச் சார்."

"ஒய் லாங்?" என்றார் அவர்.

"கரண்ட் கோயிங் சார்."

ஹுமேரா விளக்க வாயெடுத்தாள். தேவைப்படவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ராமமூர்த்தி முத்துமாரி பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ உன்னுதுன்னு சொன்னியே?"

முத்துமாரி எழுந்து வந்து, அமிர்தவள்ளி கொண்டுவந்திருந்த அப்பரை வாங்கினாள். அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பயந்த தையல்னு மிஸ் சொன்னப்பவே எனக்குத் தெரியும் சார்" என்றாள். "பயந்துகிட்டுதான் தச்சேன். அக்கா ஒண்ணும் சொல்லாம நின்னாங்க. யாருக்கும் வேணாம்னா எனக்கு இருக்கட்டும்னு சொல்லிட்டேன்."

"யாருக்கும் வேணாம்னு இல்லம்மா" என்றாள் அமிர்தவள்ளி. "எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

"கோச்சுக்காதீங்கக்கா."

"இதுல இன்னா கோவம். எண்ணெய் ஜாஸ்தி விட்டுட்ட பாரு, தோல்ல வடியும். தொடை."

முத்துமாரி கையால் துடைக்கப் போய், பிறகு வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்தாள்.

டெக்னீஷியன் நீளத் தையலை இன்னொரு தரம் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு ராமமூர்த்தியிடம் தணிந்த குரலில் ஏதோ நீளமாகச் சொன்னார். ராமமூர்த்தி தலையை ஆட்டினார். ஹுமேரா அதை மொழிபெயர்க்கவில்லை. அவளைக் கேட்கலாமா என்று அமிர்தவள்ளி பார்த்தபோது, அவள் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் லைனுக்குப் போங்க" என்றார் ராமமூர்த்தி. "காலையில சொல்றேன்."

சாயங்காலம் வரைக்கும் அமிர்தவள்ளி குதிகால் கோடு தைத்தாள். கௌசர் மடித்துக் கொடுத்தாள். செக்கிங்கிலிருந்து ஒரு அப்பர் அம்பு ஒட்டி வந்தது. "யாருது இது?" என்று சூப்பர்வைசர் கேட்டபடி வந்தபோது அமிர்தவள்ளி கையை நீட்டி வாங்கி, திருப்பிப் பார்த்தாள்.

"பக்கவாட்டு. என்னுது இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேலே நடந்தார். லைனில் யாரும் வாங்கிப் பார்த்து அவர் பார்த்ததில்லை.

பஸ்ஸில் கௌசர் இறங்கும்போது, "கெடைக்கலன்னா இன்னா பண்ணுவே?" என்று கேட்டாள்.

"கோடு தைப்பேன்" என்றாள் அமிர்தவள்ளி. "நீ மடிச்சுக் குடுக்க மாட்டியா இன்னா?"

வீட்டில் மகளிடம் அதைச் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. சோறாக்கிப் போட்டுவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடினால் ஒரு பாதத்தின் உருவம் மெதுவாக எழுந்து வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தது. கேட்டில் ராமமூர்த்தி நின்று முத்துமாரியை அவள் லைனுக்கும் அமிர்தவள்ளியை சாம்பிள் ரூமுக்கும் போகச் சொன்னார். ஜன்னல் ஓர மேஜையில் அவள் அப்பர் இருந்தது. நாக்கில், நீளத் தையலுக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அமிர்தவள்ளி அம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூலைப் பிரித்தாள். மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றி, பழைய ஓட்டைகளில் ஒவ்வொன்றாக ஊசியை இறக்கி, நீளம் விழுந்த இடத்தில் மட்டும் நடுவில் ஒரு புது ஓட்டை போட்டு, மறுபடி தைத்தாள்.